குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி இது:

"என் வீட்டுக்காரருக்கு 43 வயது. கோவையில் லேத் பட்டறை வேலை. 12 வருடமாகக் குடிக்கிறார், இப்போது தினம் ஒரு ஆஃப். காலையில் கை நடுங்குவதால் ஒரு கட்டிங் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடுகிறார். நிறுத்திவிட வேண்டும் என்று அவரே சொல்கிறார். ஆனால் மையத்தில் போய் ஒரு மாதம் படுத்தால் வேலை போய்விடும், சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துவிடும் என்கிறார். ஓ.பி.யில் மாத்திரை வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டே நிறுத்த முடியுமா? இரண்டு வருடம் முன்பு சபரிமலைக்கு மாலை போட்டார். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்தது. அப்புறம் இரண்டு நாள் கண்டபடி உளறினார். சாமி குத்தம் என்று மாலையைக் கழற்றிவிட்டோம். இன்னொன்று: என் அண்ணன் மகன், 22 வயது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கும் இதே வைத்தியம்தானா?"

பதில்:

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாலை போட்ட விஷயம், அதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். குடியை நிறுத்த வருகிறவர்களில் பெரும்பாலோரை அட்மிட் செய்யாமல் ஓ.பி.யிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரரை அப்படிப் பார்க்க எந்த நல்ல டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு ஆஃப் குடிப்பதைக்கூட விடுங்கள், அந்த வலிப்பும் உளறலும்தான் காரணம். அவர் வார்டில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அதற்கு ஒரு மாதம் தேவையில்லை. ஐந்து நாள், மிஞ்சினால் ஒரு வாரம் பத்து நாள். மிச்சம் எல்லாம் ஓ.பி.தான்.

அது சாமி குத்தம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை பிறந்து முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்குக் கறுப்பு வேட்டியோடு நாலைந்து பேராவது வந்துவிடுவார்கள். பக்தியில் குறை இல்லை. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் திருப்பி அடிக்கும். இதே ஆட்களை எலும்பு முறிவு வார்டிலும் பார்க்கலாம். பைக்கில் விழுந்து தொடை எலும்புக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும், இரண்டு நாள் நன்றாகப் பேசியிருப்பார், மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். குடிப்பாரா என்று அட்மிஷனின்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 24 அன்று ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகளை மூடினார்களே, அடுத்த நான்கைந்து நாட்களில் தமிழ்நாடு முழுக்க, கேரளாவிலும், இதே கதைதான். குடி கிடைக்காமல் கிருமிநாசினி, வார்னிஷ் என்று கையில் கிடைத்ததைக் குடித்துச் செத்தவர்களும் உண்டு. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு ஓர் உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கதவு திறந்துவிடாமல் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டிருக்கிறார். சாராயம் மூளையை அமுக்கும் பொருள். மூளையைச் சாந்தமாக்கும் 'காபா' என்ற ரசாயனத்துக்கு அது கை கொடுக்கும், கிளப்பிவிடும் 'குளூட்டமேட்'டை மட்டுப்படுத்தும். தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்குமா? எதிர்ப்பக்கம் முட்டத் தொடங்குகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை ஆள் நடமாடுகிறார், வேலை செய்கிறார். திடீரென்று ஒருநாள் தள்ளுகிறவர் விலகிவிட்டால், முட்டிக்கொண்டிருந்தவர் என்ன ஆவார்? குப்புற விழுவார். கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வலிப்பும் அந்த விழுதல்தான். காலையில் அவர் போடும் கட்டிங்கும் போதைக்காகக் குடிப்பது இல்லை. ராத்திரி முழுக்கச் சரக்கு உள்ளே போகாததால் மூளை முட்டத் தொடங்கிவிட்டது, அதை அடக்கக் குடிக்கிறார்.

இதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு மறுநாள் ராத்திரி வந்தது, கணக்கு சரியாக இருக்கிறது. அதன் பிறகு, இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் வருவதுதான் பெரிய ஆபத்து. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர், வார்டில் நாங்கள் 'டி.டி.' என்போம். குடியை நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் விளையாட்டு இல்லை. சரியான மருந்துகள் இல்லாத காலத்தில் அது வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இப்போது சிகிச்சையில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நீங்கள் "கண்டபடி உளறினார்" என்று எழுதியது அநேகமாக இதுதான்.

டி.டி. வந்தவரை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்தால் மறக்காது. எங்கள் வார்டில் ஒரு பரோட்டா மாஸ்டர் இருந்தார். நடு ராத்திரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரே கல் இருப்பது மாதிரி வெறுங்கையால் மாவை வீசி, மடித்து, சுருட்டி, தட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு கொத்து, ஒரு வீச்சு" என்று யாருக்கோ பதில் வேறு. நான் பக்கத்தில் போனதும், "சிஸ்டர், தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்" என்றார். உடம்பு முழுக்க வியர்வை, நாடித் துடிப்பு 130. அவரவர் தொழிலை வெறும் காற்றில் செய்வது இந்த நிலையில் அடிக்கடி நடக்கும். டிரைவர் கியர் மாற்றுவார், டெய்லர் ஊசியில் நூல் கோப்பார். சிலருக்குச் சுவரில் பூச்சி ஊரும், கட்டிலுக்கடியில் போலீஸ் இருக்கும். இதைத்தான் வீட்டில் காத்துக் கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்கிறார்கள். மாஸ்டர் ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டார். தான் பரோட்டா போட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை.

அதனால் ஓ.பி.யா வார்டா என்பதை முடிவு செய்ய நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு குடிக்கிறீர்கள்" என்பது கிடையாது. "முன்பு நிறுத்தியபோது என்ன ஆச்சு?" என்பதுதான். ஒரு தடவை வலிப்போ டி.டி.யோ வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவை நிறுத்தித் தொடங்கி மறுபடி நிறுத்தும்போதும் மூளை இன்னும் சீக்கிரமாக, இன்னும் மோசமாகத் திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்கிறது. போன தடவை தாங்கினாரே, இந்தத் தடவையும் தாங்குவார் என்று நினைப்பது தவறு.

இரண்டாவது கேள்வி, வீட்டில் யார் இருக்கிறார்கள்? முதல் நான்கு நாள் ராத்திரியும் பகலும் கூடவே இருக்க, குடிக்காத, பயப்படாத ஒரு ஆள் வேண்டும். லாட்ஜில் தனியாகத் தங்கியிருக்கும் ஆளுக்கு ஓ.பி. வைத்தியம் எழுத முடியாது. மூன்றாவது, வேறு என்ன நோய் இருக்கிறது? மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், இரத்த வாந்தி, இதய நோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அண்மையில் தலையில் அடி, தற்கொலை எண்ணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வார்டுதான். தூக்க மாத்திரைப் பழக்கமும் சேர்ந்திருந்தால் அதுவும் அப்படியே. அப்புறம் தூரம். ராத்திரி பத்து மணிக்கு வலிப்பு வந்தால் அரை மணியில் ஆஸ்பத்திரி வந்து சேர முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு குவாட்டர், 180 மில்லி, 42.8 சதவீதம். உள்ளே இருக்கும் சுத்தமான சாராயம் சுமார் 60 கிராம். ஆஃப் என்றால் 375 மில்லி, கிட்டத்தட்ட 125 கிராம். இது ரொம்ப அதிகம். ஆனாலும் இதே ஆஃப் குடித்துவிட்டு, கொஞ்சம் நடுக்கம், இரண்டு நாள் தூக்கமின்மை என்று மட்டும் கடந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். வெறும் குவாட்டர் ஆளுக்கு வலிப்பு வந்ததையும் பார்த்திருக்கிறேன். பாட்டிலை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது.

இப்போது ஓ.பி. என்றால் என்ன என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தத் தடவை பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குப் பொருந்தக்கூடும்.

முதல் நாள் காலையில், முடிந்தவரை குடிக்காமல், கூட ஒரு ஆளோடு வர வேண்டும். நாடி, இரத்த அழுத்தம் பார்ப்போம். கல்லீரல், சர்க்கரை, உப்புச் சத்துகள், இரத்தத் தட்டணுக்கள் எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுப்போம். அப்புறம் 'சீவா' என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒரு மதிப்பெண் அட்டை. பத்துக் கேள்வி, மொத்தம் 67 மதிப்பெண். இதில் அதிக மார்க் வாங்கினால் ஃபெயில். "இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரலை விரியுங்கள்" என்பேன். சிலருக்குப் பார்த்த உடனே தெரியும். சிலருக்கு விரல்நுனியோடு நம் விரல்நுனியை வைத்தால்தான் அந்த அதிர்வு புலப்படும், ஓடுகிற தையல் மெஷின் மேல் கை வைத்த மாதிரி. நெற்றி வியர்வை, குமட்டல், பதற்றம், தலைபாரம், தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, காதில் குரல், கண்ணில் உருவம், இன்றைக்கு என்ன கிழமை என்பது. எட்டுக்குக் கீழே என்றால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். பதினைந்தைத் தாண்டினால் ஓ.பி. பேச்சை நிறுத்திவிட்டு வார்டில் படுக்கை இருக்கிறதா என்று போன் போடுவோம்.

கொடுக்கும் மருந்து பெரும்பாலும் குளோர்டயசெப்பாக்சைடு, லிப்ரியம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். சில இடங்களில் டயசெபாம். கல்லீரல் கெட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் லோராசெபாம் அல்லது ஆக்சசெபாம். சாராயம் தள்ளிக்கொண்டிருந்த அதே கதவை இந்த மாத்திரையும் தள்ளும். வித்தியாசம் என்னவென்றால், இதை நாம் நினைத்தபடி குறைக்க முடியும். முதல் நாள் முழு அளவு, அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஏழு முதல் பத்து நாளுக்குள் சுழியம். உள்ளே முட்டிக்கொண்டிருந்தவர் விழாமல் மெல்ல நிமிர்கிறார். அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எழுதினால் அதைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவார்கள்.

"குடிக்குப் பதில் மாத்திரைக்கு அடிமையாகிவிட மாட்டாரா?" என்று எல்லா மனைவிமாரும் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். பத்து நாளில் நிறுத்தினால் ஆக மாட்டார். பத்து நாளுக்கு எழுதிய சீட்டை வைத்துப் பத்து மாதம் வாங்கினால் ஆவார். அதனால்தான் நாங்கள் ஒரு வாரத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாளுக்குத்தான். அதுவும் நோயாளி கையில் இல்லை, கூட வந்தவர் கையில். தீர்ந்ததும் திரும்ப வர வேண்டும். வந்தால் மறுபடி கையை நீட்டச் சொல்வோம், ஊதச் சொல்வோம். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சே அடங்கிப்போகலாம். குடித்திருந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ஆளை அழைத்து வாருங்கள். திட்ட மாட்டோம்.

இந்த மாத்திரையில் தூக்கம் வரும். பைக் ஓட்டக் கூடாது, லேத் பக்கம் போகவே கூடாது. ஓ.பி. என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே நிறுத்துவது என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டில் படுத்தாலும் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இந்த மாத்திரை முடியும்வரை லீவு போட்டே ஆக வேண்டும். பட்டறையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை நோய்க்கால உதவியாகக் கிடைக்க வழி உண்டு. என்ன நோய் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரம் வெளியே போகாமல் இருப்பது நோயாளியின் உரிமை.

இனி மாத்திரைக்குச் சமமாக, சில சமயம் அதைவிட முக்கியமான ஒன்று. தயமின், அதாவது வைட்டமின் பி1. குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அந்தச் சத்தை உறிஞ்சுவதில்லை. அது வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், சர்க்கரையை எரிக்க இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி மூளையின் உள்பகுதி அடிபடும். வெர்னிக்கே என்று பெயர். கண் ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். பார்ப்பவர்கள் "போதையில் இருக்கிறான்" என்று விட்டுவிடுவார்கள். காலத்தில் ஊசி போடாவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். நம் ஊரில் "ரொம்ப வீக்கா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க" என்பது பழக்கமாகிவிட்டது. தெருமுனை கிளினிக் ஒன்றில் இப்படி இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டு வந்த ஒரு கொத்தனாரை எனக்குத் தெரியும். 38 வயது. இப்போது காலையில் இட்லி சாப்பிட்டாரா என்று மதியம் கேட்டால் தெரியாது. நடந்தது எதுவும் நிற்பதில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வருவார். அதனால் யார் பாட்டில் மாட்ட வந்தாலும், "தயமின் ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரை வார்டில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஊசியாகவே போடலாம், மாத்திரையை நம்ப வேண்டியதில்லை.

வார்டில் நிறுத்தியவர்கள் அதிக நாள் தாக்குப்பிடிப்பார்கள், ஓ.பி. என்பது அரைகுறை வைத்தியம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்து 1989இல் வெளியிட்டார்கள். கடுமையான சிக்கல் இல்லாத 164 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வார்டிலும் மறுபாதியை ஓ.பி.யிலும் வைத்துப் பார்த்தார்கள். வார்டில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள், ஓ.பி.யில் 72 சதவீதம். செலவோ வார்டில் ஓ.பி.யைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குடிக்காமல் இருப்பதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: வார்டு என்பது அந்த வாரத்தை உயிரோடும் பத்திரமாகவும் கடக்க. அதன் பிறகு வரும் மாதங்களுக்கு வார்டு ஒன்றும் செய்து தராது.

கட்டடம்கூடத் தேவையில்லை என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு அங்கேயே வைத்தியம் பார்த்தது. பட்டணத்துக்குப் போய்ப் படுக்க முடியாத விவசாயக் கூலிகள் ஊர்க்காரர்கள் கண்ணெதிரே குடியை விட்டார்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுகிறாரே, அங்கே ஊருக்குத் தெரிந்ததே பாதி மருந்து. (அவர் தினம் ஒரு ஆஃப் குடிப்பது உங்கள் தெருவில் யாருக்குத் தெரியாது என்று நினைக்கிறார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.)

எய்ம்ஸ் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பைப் பார்த்தால், இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வைத்தியம் பெறுகிறார். உள்நோயாளியாகச் சேருவது 180 பேருக்கு ஒருவர். படுக்கைகளை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. ஓ.பி.யை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் யாரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தெரிந்து நடத்தினால்தான் அது ஓ.பி.

தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லத்தான் போகிறார். பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து செல்போன் விளம்பரம் வரை "குடிப்பவருக்குத் தெரியாமலேயே" என்று இருக்கும். பல பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையை வாங்கிச் சாம்பாரில் கலக்கிறவர்களும் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயம் பலவீனமானவர் போய்ச் சேர்ந்துவிடவும் கூடும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லி, மனைவி கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னொன்று, போன் செய்தால் வேனில் நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் 'மறுவாழ்வு மையங்கள்'. மருத்துவர் இல்லாத இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் போன்ற ஒருவரைப் பூட்டிவைத்து நிறுத்தினால், மாலை போட்ட மறுநாள் நடந்ததேதான் அங்கேயும் நடக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல். பதிவு பெற்ற இடமா, டாக்டர் தினமும் வருகிறாரா, நீங்கள் எப்போது போனாலும் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அவரே வர ஒப்புக்கொண்டிருக்கும்போது வேன் எதற்கு?

உங்கள் அண்ணன் மகன் கதை வேறு. வலி மாத்திரைகளில் அபின் வகையைச் சேர்ந்தவற்றைத்தான் இப்படிக் கரைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதை நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும், பேதி போகும், மயிர்க்கூச்செறியும், செத்துவிடலாம் போல இருக்கும். ஆனால் ஆரோக்கியமான ஒரு இளைஞனுக்கு அதனால் மட்டும் உயிர் போவது அரிது. ஆபத்து அதற்குப் பிறகுதான். இரண்டு வாரம் நிறுத்தியதும் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் அவனுக்கு நச்சை நீக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது அரை வைத்தியம்கூட இல்லை. நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் கொடுத்து நிலைப்படுத்துவார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், அதற்கென்று உள்ள மையங்களில் செவிலியர் கண்ணெதிரே இலவசமாகக் கிடைக்கிறது. முழுக்க முழுக்க ஓ.பி. வைத்தியம். கூடவே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனைகளும் எடுத்துவிடுங்கள். அவன் தூக்க மாத்திரையும் போடுகிறானா என்று கேளுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் சாராயத்தைப் போலவே வலிப்பு வரும், வாரக்கணக்கில் மெல்லத்தான் குறைக்க வேண்டும். வெறும் கஞ்சா என்றால் நச்சு நீக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஒரு வாரம் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகும்.

சரி, உங்கள் வீட்டுக்காரருக்கு வருவோம். வார்டு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பசி எடுக்கும், முகம் தெளியும், கை நிற்கும், "இனி எனக்கு ஒன்றுமில்லை" என்பார். நான் பயப்படுவது அந்த நாட்களுக்குத்தான். தூக்கம் சரியாக ஒரு மாதம், சில பேருக்கு மூன்று மாதம்கூட ஆகும். எரிந்து விழுவார். குடித்தபோதே பரவாயில்லை போலிருக்கிறதே என்று உங்களுக்கே ஒருநாள் தோன்றும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் சாயங்காலம், பட்டறையிலிருந்து கடை வழியாக வரும் அந்தத் தெரு, பழைய செட்டு, இவைதான் இழுக்கும். அதற்குத்தான் ஓ.பி. முதல் மாதம் வாரா வாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடமாவது. ஆசையைக் குறைக்க அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரல் மோசமானவர்களுக்கு பேக்லோஃபென். எது பொருந்தும் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் கோவையிலும் நடக்கின்றன. மற்ற குடிநோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது சிலருக்கு எந்த மாத்திரையையும்விட வேலை செய்கிறது, சிலருக்குச் சுத்தமாக ஒத்துவருவதில்லை. போய்ப் பார்க்கட்டும். சனிக்கிழமைகளில் நீங்களோ பையனோ பட்டறை வாசலில் போய் நின்றால் நல்லது, வேவு பார்க்க வந்த மாதிரி இல்லாமல்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காசு வாங்க மாட்டார்கள். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416, மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கென்று தேசிய எண் 14446. வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், நிற்காத வாந்தி, இரத்த வாந்தி, கண் இழுத்துக்கொள்வது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108.

இதைப் படித்துவிட்டு, "சரி, இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்" என்று அவர் பாட்டிலை உடைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். செவிலியராக இருந்துகொண்டு இதைச் சொல்வது விநோதமாகத்தான் இருக்கிறது. வார்டில் சேரும்வரை வீட்டில் திடீரென்று நிறுத்த வேண்டாம். வழக்கத்தைவிட அதிகமாகப் போகாமல், நடுக்கம் அடங்கும் அளவுக்குக் குடித்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். அந்த நாட்களில் மெஷினைத் தொட வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலையில் கிளம்புங்கள். பழைய மருந்துச் சீட்டுகள், ஆதார், ஒரு போர்வை, இரண்டு லுங்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு விஷயம் எழுதி உங்கள் கையில் வைத்திருங்கள். ஒன்று, இரண்டு வருடம் முன்பு மாலை போட்ட மறுநாள் ராத்திரி வலிப்பு வந்தது, இரண்டு நாள் உளறினார் என்பது. இன்னொன்று, கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பது. ஓ.பி.யில் கூட்டம் அதிகமாக இருக்கும், டாக்டர் அவசரத்தில் இருப்பார், உங்கள் வீட்டுக்காரர் "கொஞ்சம்தான் சார், எப்பவாவது" என்பார். அப்போது அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்துவிடுங்கள்.